'ஆஸ்க்' முதல் 'டிமாண்ட்' வரை... கேட்கிறதுல இத்தனை வகை இருக்கு பாஸ்!

பாட்டு கேட்டேன்.
அம்மாகிட்ட நூறு ரூபாய் கேட்டேன்.
கடையில விலை கேட்டேன்.
ஃப்ரெண்டுகிட்ட மன்னிப்பு கேட்டேன்.
மாமா வீட்டுல இருந்து அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தாங்க.
தம்பி சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டேங்கிறான்.

ஆறு வாக்கியம், ஒரே வினைச்சொல். இப்போ இதையெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. பாட்டுக்கு 'லிசன்'. நூறு ரூபாய்க்கு 'ஆஸ்க் ஃபார்'. விலைக்கு வெறும் 'ஆஸ்க்'. மன்னிப்புக்கு 'அப்பாலஜைஸ்'. பேச்சு கேக்காத தம்பிக்கு 'ஒபே'. பொண்ணு கேட்டு வந்ததுக்கு மட்டும் தனியா ஒரு வாக்கியமே எழுதணும்.

தமிழில் 'கேள்' என்பது ஒரு பெரிய குடை. யாரிடம் கேட்கிறோம், எவ்வளவு பணிவாகக் கேட்கிறோம் என்பதையெல்லாம் நம் குரல் பார்த்துக்கொள்ளும். ஒரு 'ங்க' சேர்த்தால் மரியாதை. முன்னாடி ஒரு 'கொஞ்சம்' போட்டால் இன்னும் பணிவு. ஆனால், இங்கிலீஷில் அந்த வேலையில் பாதியை வினைச்சொல்லே செய்துவிடுகிறது. 'ஆஸ்க்', 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'பெக்', 'என்கொயர்' எல்லாவற்றுக்கும் தமிழில் பொதுவாக 'கேள்' என்று சொல்லிவிடலாம். இங்கிலீஷில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால், எதிராளிக்கு நாம் யார் என்பதே மாறிப்போய்விடும். அதிலும் மெயில்ல நம்ம குரலும் கேக்காது, முகமும் தெரியாது.

இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை. சம்பளம் வராம தெரிஞ்சுக்கிட்டேன்.

பிச்சை கேட்ட மெயில்

டிப்ளமோ முடிச்சதும் நான் சேர்ந்த முதல் வேலை, ஒரு சின்ன நிறுவனத்தில். எட்டு மாதத்தில் அங்கிருந்து விலகினேன். கடைசி மாதச் சம்பளம் மட்டும் வரலை. ஒன்றரை மாதம் காத்திருந்துவிட்டு, ரொம்ப யோசிச்சு ஒரு மெயில் அனுப்பினேன். 'ஐ ஹம்ப்ளி பெக் யூ டு கைண்ட்லி ரிலீஸ் மை சாலரி'. பணிவோட உச்சத்தைத் தொட்டுட்டதா எனக்கு ஒரு திருப்தி. பதிலே வரலை.

கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்ககிட்ட அந்த மெயிலைக் காட்டினேன். படிச்சுட்டு அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வேலை பார்த்த காசைத்தானே கேக்குற... எதுக்குப்பா பிச்சை கேக்குற?"

'பெக்' என்றால் பிச்சை எடுப்பது, கெஞ்சுவது, மன்றாடுவது. நான் அதை 'ரொம்ப மரியாதையான ப்ளீஸ்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து அலுவலகக் கடிதங்களில் 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று ஆரம்பிப்பது வழக்கம். அந்த வாசனை நம்ம ஸ்கூல் லீவ் லெட்டர் வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. காய்ச்சலுக்கு லீவ் கேட்ட அதே குரலில், நான் உழைத்த காசையும் கேட்டிருக்கிறேன்.

அக்கா அந்த மெயிலை மூன்று வரியாக மாற்றினார். எந்த மாதச் சம்பளம், எவ்வளவு தொகை, எப்போது விலகினேன். கடைசியில், 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு பே திஸ் பை ஃப்ரைடே'. பத்து நாளில் பணம் வந்தது. ஒரு சொல் மாறினதால மட்டுமே வந்துச்சுன்னு கதை விட மாட்டேன். தேதியும் தொகையும் தெளிவா இருந்ததும் காரணம். ஆனா, அந்த ரெண்டாவது மெயிலை அனுப்பும்போது எனக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்துச்சு. அது நிஜம்.

நம்ம பாட்டன்களுக்கு இது தெரியும்

கேட்கும் சொல்லை வைத்தே கேட்பவரின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது இங்கிலீஷ்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்க மூன்று சொற்கள்: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார். சமமானவரிடம் கேட்பவர் 'தா' என்பார். தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்பவர் 'கொடு' என்பார்.

இன்றைக்கு இந்த வித்தியாசம் நம் பேச்சில் இல்லை. 'பேனாவைத் தா', 'பேனாவைக் கொடு' ரெண்டும் ஒண்ணுதான். 'ஈ' என்பது 'ஈகை' என்ற சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆனால், இங்கிலீஷ் வினைச்சொற்களைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய படிக்கட்டு அப்படியே உதவுகிறது.

கீழ்ப்படி: பெக். எனக்கு உரிமை இல்லை, உங்கள் கருணைதான்.
நடுப்படி: ஆஸ்க், ரிக்வெஸ்ட். நீங்களும் நானும் மனிதர்கள், கேட்கிறேன்.
மேல்படி: டிமாண்ட். நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சேர்த்துக்கலாம். அந்தக் காலத்தில் படியைத் தீர்மானித்தது ஆளோட அந்தஸ்து. இன்றைக்கு நாம் பார்க்க வேண்டியது, கேட்கிற பொருள் மேல் நமக்கு இருக்கும் உரிமை. எதிரில் இருப்பது எம்.டி-யாகவே இருந்தாலும், என் சம்பளம் என் சம்பளம்தான். இதை மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா பார்ப்போம்.

ஆஸ்க்: எங்கேயும் செல்லும்

எது போடுவதென்று தெரியாதபோது கண்ணை மூடிக்கொண்டு 'ஆஸ்க்' போடலாம். நண்பனிடமும் செல்லும், முதலாளியிடமும் செல்லும். ஆனால், நாம் இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் நான்கு.

ஒன்று: 'ஆஸ்க் டு மீ'. தமிழில் 'என்கிட்ட கேளு' என்கிறோம். அந்தக் 'கிட்ட'வை மொழிபெயர்த்து ஒரு 'டு' போட்டுவிடுகிறோம். தேவையே இல்லை. 'ஆஸ்க் மீ' போதும்.

இரண்டு: 'ஃபார்' எங்கே வரும்? ஒரு பொருள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் 'ஃபார்' வேண்டும். 'ஐ ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்'. ஆளிடம் கேட்பதற்கு 'ஃபார்' வேண்டாம். 'ஆஸ்க் த மேனேஜர்' என்றால், மேனேஜரிடம் கேளு. 'ஆஸ்க் ஃபார் த மேனேஜர்' என்றால், மேனேஜரைப் பார்க்கணும்னு சொல்லு. ஹோட்டல்ல ஏதாவது பிரச்னைன்னா ரெண்டாவது. ஆபீஸ்ல சந்தேகம்னா முதலாவது. விலை, நேரம், பெயர், வழி போன்ற தகவல்களை விசாரிக்கும்போதும் 'ஃபார்' தேவையில்லை. 'ஆஸ்க் த பிரைஸ்', 'ஆஸ்க் த வே' என்றாலே போதும்.

மூன்று: கேள்வியைத் திருப்பிச் சொல்லும்போது. 'எங்க போறேன்னு கேட்டாரு' என்பதை, 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று பலரும் எழுதுகிறோம். சரியானது, 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்'. அவர் கேட்டபோது அது கேள்வி. நீங்கள் திருப்பிச் சொல்லும்போது அது தகவல். அதனால் சொற்கள் கேள்வி வரிசையில் இருந்து சாதாரண வாக்கிய வரிசைக்கு வந்துவிடும்.

நான்கு: இதுதான் ஆபத்தானது. தமிழில் ஒருவரை ஒரு வேலை செய்யும்படி கேட்பதற்கும் நாம் 'சொல்' என்போம். 'மேனேஜரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்'. இதில் எந்த அதிகாரமும் இல்லை, சாதாரணப் பேச்சு. இதை அப்படியே 'ஐ டோல்ட் த மேனேஜர் டு சைன்' என்று மெயிலில் எழுதினால், மேனேஜருக்கு நீங்கள் உத்தரவு போட்டதாக அர்த்தம்! 'டெல்' ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்லும்போது கட்டளையாகிவிடும். அங்கே வர வேண்டியது 'ஐ ஆஸ்க்ட் த மேனேஜர் டு சைன்'. தமிழில் 'சொன்னேன்' என்று வருகிற பல இடங்களில் இங்கிலீஷில் 'ஆஸ்க்' வரும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், பாதி மனஸ்தாபம் மிச்சம்.

ரிக்வெஸ்ட்: சட்டை போட்ட 'ஆஸ்க்'

'ரிக்வெஸ்ட்' என்பது 'ஆஸ்க்'கின் ஃபார்மல் அண்ணன். கடிதம், மெயில், விண்ணப்பம் போன்ற இடங்களுக்குப் பொருத்தம். சாப்பாட்டு டேபிளில், 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு பாஸ் த சாம்பார்' என்றால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

இதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிய, உங்கள் ஃபேஸ்புக்கையே பாருங்கள். 'ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்' வந்தால் பக்கத்திலேயே மறுக்கும் பட்டனும் இருக்கும். எதிராளி 'முடியாது' என்று சொல்ல இடம் விட்டுக் கேட்பதுதான் ரிக்வெஸ்ட்.

இதிலும் ரெண்டு சறுக்கல். 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று எழுதுகிறோம். வினைச்சொல்லாக வரும்போது 'ஃபார்' வேண்டாம். 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' என்பதே சரி. 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'ஃபார்' சேரும்.

இரண்டாவது, 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ'. 'கைண்ட்லி' என்றால் அன்போடு, தயவாக. 'நான் தயவோட உங்களைக் கேட்டுக்கிறேன்' என்று நம் தயவையே நாம் மெச்சிக்கொள்வது போல ஆகிவிடுகிறது. தயவு காட்ட வேண்டியவர் எதிரில் இருப்பவர். அதனால் அந்தச் சொல் அவர் செய்ய வேண்டிய வேலையின் பக்கத்தில் இருக்கட்டும். 'கைண்ட்லி அப்ரூவ்' என்றால் சரி. 'ப்ளீஸ் அப்ரூவ்' என்றால் இன்னும் எளிமை.

'அப்படின்னா ரிக்வெஸ்ட்னு எழுதினா உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிடுமா?' ஆகாது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பெயரிலேயே உரிமை இருக்கிறது. ஆனால், தகவல் கேட்டு நாம் கொடுக்கும் மனுவை அந்தச் சட்டம் 'ரிக்வெஸ்ட்' என்றுதான் குறிப்பிடுகிறது. அந்த மென்மையான சொல்லுக்குப் பின்னால் பலம் இருக்கிறது. பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்லவே தேவையில்லை. சொல் பணிவாக இருக்கலாம், உரிமை அப்படியே நிற்கும். என் சம்பள மெயிலுக்கு 'ரிக்வெஸ்ட்' பொருந்தியதும் இதனால்தான்.

டிமாண்ட்: கத்தி மாதிரி, பார்த்து எடுங்க

தமிழில் நாம் 'கோரிக்கை' என்ற ஒரே சொல்லை ரெண்டு பக்கமும் பயன்படுத்துகிறோம். கலெக்டரிடம் கொடுப்பது கோரிக்கை மனு. அது ரிக்வெஸ்ட். தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்கு முன் வைப்பதும் கோரிக்கைதான். அது டிமாண்ட். சட்டமன்றச் செய்திகளில் வரும் 'மானியக் கோரிக்கை'க்கு இங்கிலீஷில் 'டிமாண்ட் ஃபார் கிராண்ட்ஸ்' என்று பெயர். இந்தக் குழப்பத்தில்தான், 'ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்' மாதிரி வாக்கியங்கள் பிறக்கின்றன.

'டிமாண்ட்' என்றால், மறுப்புக்கு இடமே கொடுக்காமல் கேட்பது. சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தச் சொல் பிறந்த வீட்டில் இவ்வளவு முரடாக இல்லை. பிரெஞ்சு மொழியில் 'தெமாந்தே' என்றால் சாதாரணமாகக் கேட்பதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நண்பர் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆட்சி, நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு பேசுபவர்கள் கைக்குப் போனது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சு சொற்கள் இங்கிலீஷுக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்றான 'டிமாண்ட்', சட்டப்படி உரிமை கோரும் சொல்லாகப் பழகி, இங்கிலீஷில் அதட்டலாக மாறிவிட்டது.

இலக்கணத்திலும் இது கொஞ்சம் முறைப்பான ஆள். வினைச்சொல்லாக வரும்போது 'ஃபார்' சேராது. 'தே டிமாண்டட் மோர் மணி'. அதேபோல, 'தே டிமாண்டட் மீ டு பே' என்றும் வராது. 'தே டிமாண்டட் தட் ஐ பே' என்றுதான் வரும்.

இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வரும்போது விஷயம் சீரியஸாகிறது. பொண்ணு பார்க்க வந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. "நாங்க எதுவும் டிமாண்ட் பண்ண மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணுமோ, அதைச் செய்ங்க." டிமாண்ட் இல்லைன்னு சொல்லியாச்சு, 'ரிக்வெஸ்ட்'கூட இல்லை. ஆனா, எத்தனை பவுன்னு பொண்ணோட அப்பா கணக்குப் போட ஆரம்பிச்சிருப்பார். 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இந்தச் சாமர்த்தியத்தைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 4-வது பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ வரதட்சணை கேட்பதையே குற்றம் என்கிறது. வாங்க வேண்டும் என்றுகூட இல்லை, டிமாண்ட் செய்தாலே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'மறைமுகமாக' என்ற அந்த ஒரு சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டாலும் டிமாண்ட் டிமாண்ட்தான்.

சரி, நாம எப்போ 'டிமாண்ட்' போடலாம்? ஆஸ்க் பண்ணி, ரிக்வெஸ்ட் பண்ணி, ரெண்டும் வேலைக்கு ஆகாதபோது. உரிமை முழுசா நம்ம பக்கம் இருக்கும்போது. அப்பவும் ஆதாரம் கையில் இருக்கட்டும்.

என்கொயர், கொஸ்டின், இன்டெராகேட்: மூணும் விசாரிப்புதான்!

தமிழின் 'விசாரி' ஒரு வித்தியாசமான சொல். 'அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு' என்பதில் பாசம். 'போலீஸ் விசாரிக்குது' என்பதில் பயம். இங்கிலீஷில் இவை தனித்தனிச் சொற்கள்.

நலம் விசாரிப்புக்கு, 'ஆஸ்க் ஆஃப்டர்'. 'ஷி ஆஸ்க்ட் ஆஃப்டர் யூ' என்றால், உன்னை விசாரிச்சாங்க. தகவல் விசாரிப்புக்கு, 'என்கொயர்'. ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும் 'என்கொயரி' கவுன்டர் இதுதான். பிரிட்டிஷ் வழக்கில், சாதாரணமாகத் தகவல் கேட்பதற்கு 'என்கொயர்' என்றும், கமிஷன் வைத்து விசாரிப்பதற்கு 'இன்கொயர்' என்றும் முதல் எழுத்தை மாற்றி எழுதுவதுண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் ரெண்டுக்கும் 'இன்கொயர்'தான். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நிலவரம் தெரிந்துகொள்ள எழுதும் மெயிலுக்கு, 'ஐ வுட் லைக் டு என்கொயர் அபவுட் மை அப்ளிகேஷன்' கச்சிதமாக இருக்கும்.

போலீஸ் விவகாரத்துக்கு வந்தால், 'போலீஸ் ஆஸ்க்ட் ஹிம்' என்றால் வழி கேட்டிருக்கலாம். 'கொஸ்டின்ட் ஹிம்' என்றால், சந்தேகத்தோடு கேள்வி கேட்டிருக்கிறார்கள். 'இன்டெராகேட்டட் ஹிம்' என்றால், உட்காரவைத்து, விடாமல், கடுமையாக விசாரித்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்குள் இங்கிலீஷின் வரலாறே இருக்கிறது. 'ஆஸ்க்' மண்ணின் பழைய சொல். 'கொஸ்டின்' பிரெஞ்சு வழியாக வந்தது. 'இன்டெராகேட்' லத்தீனில் இருந்து வந்தது. பழைய சொல் வீட்டுப் பேச்சுக்கும், வெளியில் இருந்து வந்தவை அதிகாரத்துக்கும் போனது இங்கிலீஷில் பல இடங்களில் நடந்திருக்கிறது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் கிளாஸில் இருந்து ஜூம் மீட்டிங் வரை சொல்கிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், தப்பில்லை. ஆனால், வெளிநாட்டு கிளையன்ட் காதில், 'நீங்க சொல்றதை நான் நம்பலை' என்று விழ வாய்ப்பிருக்கிறது. அவரிடம் மட்டும், 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லிவிடுங்கள்.

கிளெய்ம், அப்ளை: ஃபார்ம் உலகம்

மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கும்போது யாரும் 'ரிக்வெஸ்ட்' பண்ணுவதில்லை, 'கிளெய்ம்' பண்ணுகிறோம். 'இது ஏற்கெனவே எனக்குச் சேர வேண்டியது, கொடுங்கள்' என்பது அதன் பொருள். வேலை, கடன், ஸ்காலர்ஷிப் போன்றவற்றுக்கு 'அப்ளை'. 'தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன், பரிசீலியுங்கள்' என்று அர்த்தம். இதற்கு 'ஃபார்' கட்டாயம். 'அப்ளை ஃபார் எ ஜாப்'.

ஒரு எச்சரிக்கை. 'கிளெய்ம்' சாதாரண வாக்கியத்தில் வரும்போது சந்தேக நெடி அடிக்கும். 'ஹி கிளெய்ம்ஸ் டு பி எ டாக்டர்' என்றால், 'டாக்டர்னு சொல்லிக்கிறார், உண்மையானு தெரியலை' என்று பொருள். ரெஸ்யூமேவில் உங்களைப் பற்றி 'ஐ கிளெய்ம்' என்று எழுதிவிடாதீர்கள்.

ரீல்ஸ்லயும் கிரிக்கெட்லயும் 'ஆஸ்க்'

ஐ.பி.எல் பார்க்கிறவர்களுக்கு 'ஆஸ்கிங் ரேட்' தெரியாமல் இருக்காது. 24 பந்தில் 48 ரன் வேண்டும் என்றால், ஓவருக்கு 12 'கேட்கிறது' அந்த ஆட்டம். அது ஏறிக்கொண்டே போனால் கமென்ட்டரியில், 'இட்ஸ் எ பிக் ஆஸ்க்' என்பார்கள். இங்கே 'ஆஸ்க்' பெயர்ச்சொல். ரொம்பக் கஷ்டமான எதிர்பார்ப்பு என்று அர்த்தம்.

'ஆஸ்க் அவுட்' என்றால், டேட்டிங்குக்குக் கூப்பிடுவது. 'ஆஸ்க் அரவுண்ட்' என்றால், நாலு பேரிடம் விசாரிப்பது. வீடு தேடும்போது உதவும். 'இஃப் யூ ஆஸ்க் மீ' என்றால், 'என்னைக் கேட்டா...' என்று நம் ஊர் பெரியவர்கள் ஆரம்பிப்பார்களே, அதேதான்.

எனக்குப் பிடித்தது, 'யூ ஆஸ்க்ட் ஃபார் இட்'. வம்பை இழுத்துவிட்டு அடி வாங்கியவனைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? 'கேட்டு வாங்கிக்கிட்டான்!' ரெண்டு மொழியிலும் அதே வினைச்சொல், அதே நக்கல்.

உச்சரிப்பைக் கிண்டல் பண்றவங்களுக்கு...

'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பலரின் பேச்சில் இதைக் கேட்கலாம். படிக்காதவர்களின் பேச்சு என்று இதைக் கேலி செய்வது அங்கே நீண்ட நாள் வழக்கம். ஆனால், பழைய இங்கிலீஷில் இரண்டு வடிவங்களுமே இருந்தன. 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸரின் எழுத்தில் 'ஆக்ஸ்' இருக்கிறது. 1535-ல் வெளியான கவர்டேல் பைபிளிலும் இருக்கிறது. பிறகு 'ஆஸ்க்' பொது வழக்காகி ஜெயித்துவிட்டது. தோற்ற வடிவத்தைப் பேசியவர்கள் கிண்டலுக்கு ஆளானார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமா என்ன? 'தசை' என்பது 'சதை' ஆனதும், 'சிவிறி' என்பது 'விசிறி' ஆனதும் இதே எழுத்து இடம்மாற்றம்தான். அதை நாம் 'இலக்கணப் போலி' என்று பெயர் வைத்துப் பாடப்புத்தகத்திலேயே ஏற்றுக்கொண்டோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தமிழ் மீடியத்தில் படித்த நம்மில் பலர், கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே விடுவதற்குக் காரணம் சொல் தெரியாதது இல்லை. 'தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்களோ' என்ற பயம். சம்பள உயர்வு, மேற்படிப்புக்கு ஒரு பரிந்துரைக் கடிதம், மீட்டிங்கில் புரியாத ஒரு வார்த்தைக்கு அர்த்தம்... எத்தனையோ இப்படித் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. 'ஃபார்' ஒன்று கூடுதலாக விழுந்தால் யாரும் சம்பளத்தைப் பிடிக்கப் போவதில்லை. கேட்காவிட்டால்தான் நஷ்டம்.

அனுப்புறதுக்கு முன்னாடி மூணே கேள்வி

மெயிலோ, மெசேஜோ அனுப்பும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நான் கேட்பது தகவலா? அப்படியென்றால் 'ஆஸ்க்' அல்லது 'என்கொயர்'.

2. நான் கேட்பது உதவியா? அவர் மறுத்தாலும் தப்பில்லை என்றால், 'ஆஸ்க்' அல்லது 'ரிக்வெஸ்ட்'. பேச்சில், 'குட் யூ ப்ளீஸ்' போதும்.

3. நான் கேட்பது எனக்குச் சேர வேண்டியதா? முதல் முறை 'ரிக்வெஸ்ட்', கூடவே தேதியும் தொகையும். படிவம் இருந்தால் 'கிளெய்ம்'. எதற்கும் அசையவில்லை என்றால், கடைசியாக 'டிமாண்ட்'.

இந்த மூன்றில் எதிலும் 'பெக்' வரவில்லை, கவனித்தீர்களா?

இன்னும் ஒன்றே ஒன்று. திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 42-வது. அது கேள்வி கேட்பதைப் பற்றியது என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். பத்துக் குறளும் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. இங்கிலீஷுக்கு 'ஆஸ்க்', 'லிசன்' என ரெண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில், நமக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கேட்டுவிட்டு, பதிலையும் கேட்க வேண்டும் என்று அதையே நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்க மெயில் டிராஃப்ட்ஸ்லயும் என்னோடது மாதிரி அனுப்பாம கிடக்குற மெயில் ஒண்ணு இருக்கும். 'கைண்ட்லி', 'ஹம்ப்ளி', 'சாரி டு டிஸ்டர்ப்' எல்லாம் நிரம்பினது. அதைத் திறங்க. பாதியை அழிங்க. என்ன வேணும், எப்போ வேணும்னு ரெண்டு வரி எழுதுங்க. அனுப்பிடுங்க.